டில் ஓடையின் சிங்கிகள்

செவ்வாய்க்கிழமை காலை பாலத்தடியிலிருந்து என் கணவர் செட்ரிக் போட்ட சத்தத்தைக் கேட்டு, மனிதருக்கு மாரடைப்புதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். கையிலிருந்த டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் கரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தண்ணீரைக் காட்டினார்.

சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர் எதையும் மறைக்காது. அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. கூழாங்கல்லுக்கு நடுவே சிங்கிகள் மல்லாந்து கிடந்தன. விரல் நீளச் சிங்கிகள், வெளுத்த கொடுக்குகள் மேலே பார்த்தபடி. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே. "ஐயோ" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. முப்பது வருஷமாகப் பள்ளிச் சமையலறையில் கத்திக் கத்தியே பிழைத்தவள் நான்.

இவை எங்கள் ஊர்ச் சிங்கிகள். கடலில் பிடிக்கிற சிங்கி இறாலின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் மற்ற ஓடைகளிலெல்லாம் அமெரிக்கச் சிங்கி புகுந்து இவற்றை ஒழித்துக்கட்டிவிட்டது. எங்கள் டில் ஓடையில் மட்டும்தான் மிச்சம். வியாழக்கிழமை, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்திலிருந்து இமோஜன் என்ற பெண் வந்து, இவற்றில் கொஞ்சத்தைப் பிடித்து, ஆள் நடமாட்டமில்லாத பழைய கல்குவாரிக் குளத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தது. நாளைக்கே டில்லுக்கு ஏதாவது ஆனாலும் வம்சம் பிழைத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்காக செட்ரிக் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. இரண்டு நாளில் நடக்க இருந்த காரியம்.

"எல்லாம் போச்சு தெல்மா," என்றார் செட்ரிக். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஓடைக்கு மேலே டக்கெட்டின் ஆட்டுப்பட்டி. நேராக அங்கே போனேன்.

"யோவ் டக்கெட்! ஆட்டைக் குளிப்பாட்டின மருந்துத் தண்ணிய எங்கய்யா ஊத்தின?"

"காலங்காத்தால வந்து என்னம்மா சாமியாடுற?"

"ஓடையில வந்து பாரு, பாவி! ஒண்ணு விடாம செத்துக் கிடக்கு!"

அவர் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஆட்டுக்கு மருந்துத் தண்ணி ஊத்தி மாசம் ரெண்டாச்சு. அந்தச் சங்கத்துப் பொண்ணக் கூப்பிடு. அது வந்து என் தப்புன்னு சொன்னா நான் இந்த ஊர விட்டே போறேன். இல்லேன்னு சொன்னா என் பட்டிய நீதான் கூட்டி அள்ளணும்," என்றார்.

"அள்ளுறேன்யா! உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும் முதல்ல!"

பத்து மணிக்கு முன்பே இமோஜன் வந்துவிட்டாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சிங்கியை எடுத்தாள், வாலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லைப் புரட்டினாள். கல்லின் அடியில் பூச்சிகள் ஜோராக ஓடின.

"மருந்து இல்ல ஆன்ட்டி. மருந்தா இருந்தா இந்தப் பூச்சிதான் முதல்ல செத்திருக்கும். மீனெல்லாம் நல்லா இருக்கு பாருங்க. சிங்கிக்கு மட்டும் வர்ற கொள்ளைநோய் இது. அமெரிக்கச் சிங்கி சுமந்துக்கிட்டுத் திரியும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம சிங்கி மேல பட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"அமெரிக்கச் சிங்கி இங்க கிடையாதே," என்றார் செட்ரிக்.

"சிங்கி வரணும்னு இல்ல சார். அது இருக்கிற தண்ணி கொஞ்சம் வந்தா போதும். ஈரமான பூட்ஸ், ஈரமான வலை. இந்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள யாரோ வேற தண்ணியில இறங்கிட்டு, காயாம இங்க வந்து இறங்கியிருக்காங்க."

டக்கெட் என்னைப் பார்த்து, "மண்வெட்டி பட்டியிலயே இருக்கு," என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஊர்ல ஏரி, குளம், ஓடைன்னு தேடித் தேடிப் போறவங்க எங்களத் தவிர யாரு இருக்கா? அதுக்காக எங்களச் சந்தேகப்பட்டுறாத கண்ணு," என்று இமோஜனிடம் ஆரம்பித்தேன். "இந்த மனுஷன் ஒரு தண்ணியிலேருந்து ஏறினா பூட்ஸ மருந்து போட்டுத் தேய்ச்சு, மூணு நாள் கொடியில காயப்போடாம அடுத்த தண்ணிக்குப் போகவே மாட்டாரு. எங்க கல்யாணத்துக்குக்கூட இப்படித் தேய்ச்சுக் குளிச்சிருக்க மாட்டாரு. போன மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை, அந்தப் பேய் வெயில்ல கூட..."

"சொல்லுங்க," என்றாள் இமோஜன்.

"காலையில பென்வுட் ஏரிக்குப் போயிட்டு, மத்தியானம் இங்க சாண்ட்விச் சாப்பிட வந்தோம். வெயில் தாங்கல, தண்ணியில இறங்குன்னு நான்தான் சொன்னேன். இவரு என்ன பண்ணாருன்னு நினைக்கிற? ஏரிக்குப் போட்டுட்டுப் போன பூட்ஸாச்சே, ஓடையில பட்டுறக் கூடாதுன்னு ரெண்டையும் கழட்டி, கயித்தால கட்டிக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு வெறுங்காலோட இறங்கினாரு! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ்வளவு ஜாக்கிரதையான ஆளும்மா இவரு."

"வெறுங்கால் சரி. என்ன உடுத்தியிருந்தாரு?"

"நீச்சல் டவுசர்தான். ஏரியில நல்லா நீந்திட்டு அதோடயே கார்ல ஏறிட்டாரா, சீட்டெல்லாம் ஈரம், சொட்டச் சொட்ட..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதில் விழுந்தது, நான் என்ன சொல்கிறேன் என்று. டக்கெட் கூட என் முகத்தைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்தார்.

"பென்வுட்ல அமெரிக்கச் சிங்கி இருக்கு," என்றார் செட்ரிக். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான்தான் கண்டுபிடிச்சு சங்கத்துக்குச் சொன்னேன்."

தானே அந்த நோய் என்பது போல அவர் ஓடையிலிருந்து பின்னால் நகர்ந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. வேலியைத் தாண்டி வயலுக்குள் போய் நின்றுகொண்டார். நான் கிட்டே போனபோது, "தொடாத," என்றார். அந்த ஒரு சொல் என்னை அறைந்தது.

இமோஜன்தான் முதலில் சுதாரித்தாள். "சார், எந்த இடத்துல இறங்கினீங்க?"

"இந்தப் பாலத்துக்கிட்ட."

"மேல தடுப்பணை இருக்கில்ல? அதுக்கு மேல ஊத்துக்கண் பக்கம் சிங்கி உண்டா?"

"உண்டு. கொஞ்சம் உண்டு."

"நோய் தண்ணியோட கீழதான் போகும். மேல போகணும்னா சிங்கியே அணை ஏறிப் போகணும். போகாம இருந்திருந்தா, மேல இருக்கிறதையாவது இன்னிக்கே குவாரிக்குக் கொண்டு போயிடலாம். ஆனா நான் செத்ததைத் தொட்டுட்டேன், நான் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வந்த டக்கெட்டும் ஓரத் தண்ணீரில் கால் வைத்திருந்தார்; அன்று காலை தண்ணீரைத் தொடாதவள் நான் ஒருத்திதான். இமோஜனின் வேனிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது பூட்ஸ், தொடை வரை வருவது, எனக்குக் கிடைத்தது. சிங்கி என்றாலே எனக்கு அருவருப்பு. செட்ரிக் கையில் ஏந்தி முத்தம் கொடுக்காத குறையாகக் கொஞ்சும்போது, நான் சாண்ட்விச் பொட்டலத்தோடு பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

ஊற்றுக்கண் அருகே தண்ணீர் முழங்கால்தான். பூட்ஸையும் மீறிக் குளிர் எலும்பில் ஏறியது. வேலிக்கு அப்பாலிருந்து செட்ரிக் கத்தினார்.

"வில்லோ மரத்து வேருக்கு இடது பக்கம், தட்டைக் கல்லு! மெதுவாத் தூக்கு, கலங்கக் கூடாது!"

தூக்கினேன். காலி.

"அதுக்கு அடுத்தது! பெரிசு!"

காலி. அடுத்ததும் காலி. ஒவ்வொரு முறையும் "இல்ல" என்று வேலிப் பக்கம் திரும்பாமலே சொன்னேன். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் ஒரு சின்னப் பொய் சொல்ல இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். நடு ஓடையில், வெயில் பளிச்சென்று விழுந்த மணலில், ஒரு சிங்கி. உயிரோடு! கல்லுக்கு அடியில்கூட இல்லை, வெட்டவெளியில் என்னைப் பார்த்து நடந்து வந்தது.

"செட்ரிக்! இருக்கு! உயிரோட இருக்கு! என்னைப் பார்த்து நடந்து வருது!" என்று கூவினேன். சந்தோஷத்தில் கண்ணீர் பொங்கிவிட்டது. டக்கெட், "அப்பாடா, ஆண்டவா!" என்று கையைத் தட்டினார்.

செட்ரிக் கத்தவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்படி நடக்குது?" என்று கேட்டார்.

"ஜோரா நடக்குது! நுனிக்கால்ல, உடம்பை உசத்தித் தூக்கிக்கிட்டு!"

இமோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செட்ரிக் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பகல்ல அதுங்க வெளிய வராது தெல்மா," என்றார். "இந்த நோய் வந்தாதான் வரும். அப்படித்தான் நடக்கும். அணைக்கு மேலயும் வந்துடுச்சு."

அது வந்துகொண்டே இருந்தது. என் பூட்ஸ் முனையில் முட்டி, ஒரு கொடுக்கை அதன்மேல் வைத்தது. ஏறி வா என்று யாரோ கரையிலிருந்து சொன்னார்கள். நான் அசையவில்லை. காலை எடுத்து எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.