வாசல் சாத்தும் மாத்திரை

பஞ்சைக் கண்டதுமே ராசம்மாள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டாக்டர் சகாயம் கையிலிருந்த பஞ்சு இன்னும் கன்னத்தைத் தொடவே இல்லை. மேலே சுற்றிய காத்தாடியின் காற்றுதான் பட்டிருக்க வேண்டும். வலது பக்கத்து உதடு வெடுக்கென்று மேலேறியது, கண்ணில் நீர் முட்டியது, கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் போட்டால் வாய் அசையும், வாய் அசைந்தால் வலி இன்னொரு தரம் வெட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரங்கசாமி பெண்டாட்டியைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தார்.

"போன தடவ சிரிச்சுக்கிட்டு வந்தீங்களேம்மா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"நேரந்தப்பாமத் திங்கறாளுங்க. நாந்தான் எடுத்துக் குடுக்கறேன்" என்றார் அரங்கசாமி. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கையால்தான் கொடுத்தார். என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்கவில்லை.

அரங்கசாமி யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. விதைக்கடைக்காரன் பழைய விதையைப் புதுப் பையில் போட்டுத் தருவான், பூச்சிமருந்துக்காரன் தண்ணி கலப்பான், ஆஸ்பத்திரிக்காரன் இல்லாத நோயைச் சொல்லுவான் என்பது அன்னூர்ப் பக்கம் நாலு ஏக்கரா பண்ணையம் பார்த்து அவர் கற்ற படிப்பு. ரெண்டு வருசம் முன்னால் ராசம்மாள் தாடை வலிக்கிறது என்றபோது பல்லுதான் என்று தீர்ப்புச் சொன்னவர் அவரே. பல் டாக்டர், "சொத்தை ஒண்ணையும் காணோமுங்களே" என்றார். "வலிக்குதுன்னா புடுங்க வேண்டியதுதானுங்க" என்று இவர் சொன்னார். ஒன்று போய் இன்னொன்று என்று நாலு நல்ல பல் போயிற்று, வலி போகவில்லை. அதற்கப்புறம் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், "களையெடுக்கற நாளாப் பாத்து வருது பாரு வலி" என்று ஆட்கள் காதில் விழும்படி சொல்லியிருக்கிறார். அவள் பதில் சொன்னதில்லை. சொல்லும்படி அந்த வாய் இருந்ததில்லை.

மகள் கீதாதான் சண்டை போட்டுக் கோயமுத்தூருக்கு இழுத்து வந்தாள். அன்றைக்கு டாக்டர் சகாயம் பொறுமையாகச் சொன்னார். "நரம்பு மேல கண்ணுக்குத் தெரியாத வாசல் லட்சக்கணக்குல இருக்குங்க பெரியவரே. வாசல் தொறந்தா உப்பு உள்ள பாயும். பாஞ்சா கரண்டு மாதிரி ஓடும். மூளை அதைத்தான் வலின்னு எடுத்துக்குது. தொறந்த வாசல் உடனே சாத்திக்கணும். இவங்களுக்கு ஒரு எடத்துல நரம்போட உறை தேஞ்சுபோயி, வாசல் கண்டபடி தொறக்குது. காத்துப் பட்டாலும் வெட்டுது, கஞ்சி குடிச்சாலும் வெட்டுது. பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த மாத்திரை அந்த வாசலைச் சாத்தி வைக்கும்." உப்பாம், வாசலாம், என்று அரங்கசாமி நினைத்துக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள் ராசம்மாள் கிணற்றடியில் மஞ்சள் பூசி முகம் கழுவினாள். சோளச்சோற்றை மென்று தின்றாள். அண்டை வீட்டுக்காரியோடு ஒரு பொழுது பூராவும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை பேசுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தொல்லை பஸ்ஸில் வந்தது. அடுத்த மாத்திரைக்குத் தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வரும்போது பங்காளி திருமலைசாமி பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைப் பட்டையை வாங்கிப் பார்த்தார். "ஏனப்பா, இது என்ற மச்சான் பையன் திங்கற மாத்திரையாச்சே. காக்காவலிப்புக்குக் குடுக்கறதுல்ல? உங்க ஊட்ல ஆருக்கு?" அரங்கசாமி பட்டையை வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். ஆடி போனால் ஆவணியில் கோபியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கீதாவை நிச்சயம் பண்ண வருகிறார்கள். தாய்க்கு வலிப்பு என்று ஒரு வாய் சொன்னால் போதும். "பண்ணையத்து ஆளுக்கு வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அன்று சாயங்காலமே பட்டைகளைக் குப்பைக்குழியில் ஆழமாகப் புதைத்தார். இடுப்பு வலிக்கென்று நர்ஸம்மா எப்போதோ கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை அதே மாதிரி வெள்ளையாகக் கிடந்தது, அந்தக் கசப்பு மட்டும் இல்லை. வேளைக்கு ஒன்று அதை எடுத்துக் கொடுத்தார். சும்மா விட்டுவிடவும் மனசு வரவில்லை. உப்புப் பாய்ந்தால்தானே வலி, உப்பே உள்ளே போகாவிட்டால் வாசல் திறந்தால்தான் என்ன, என்று தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். "உங்கம்மாளுக்கு உப்பில்லாமக் கஞ்சி காச்சு. டாக்டரு சொல்லீட்டாரு" என்று கீதாவிடம் சொன்னார். நாலாம் நாளே வெட்டு திரும்பி வந்தது. ஆடிக்காத்து வேறு. ராசம்மாள் முகத்தின் பாதியை முந்தானையால் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அந்த உப்பில்லாக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இடது கடைவாயில் விட்டுக்கொண்டாள். மூன்று வாரம். ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் எழுதினார். "மாத்திரைக்குக் கேக்கலைன்னா வேற வழியில்லைங்க. கன்னத்து வழியா ஊசி விட்டு நரம்பைச் சுட்டுடணும். வலி போகும். ஆனா அந்தப் பக்கம் மரத்துப் போயிடும், ஈ உக்காந்தாலும் தெரியாது. கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கணும். எழுதிரலாமா?"

அரங்கசாமி தொண்டையைச் செருமினார். இப்போது சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? இந்த டாக்டர் முன்னால், வாசலில் நின்ற நர்ஸ் பிள்ளை முன்னால், பெண்டாட்டி முன்னால். இன்னொருதரம் செருமினார். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நாந்தானுங்க" என்றாள் ராசம்மாள்.

உதடு வெடுக்கென்று ஏறியது. கண்ணை மூடி அது போகும்வரை காத்திருந்தாள். "மாத்திரயத் துப்பிப்போட்டேன்." இன்னொரு வெட்டு. கை காற்றில் எதையோ பிடித்தது. "வலிப்பு மாத்திரைன்னாங்க. புள்ள கலியாணம்…" அதற்குமேல் அவளால் ஆகவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அரங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். வலிப்பு என்ற சொல்லை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா நீங்க! வலிப்புக்கும் இந்த மாத்திரைதான், இதுக்கும் இந்த மாத்திரைதான். அங்கயும் வாசலைச் சாத்தறதுதான் வேலை. அதனால இது வலிப்பாயிடுமா? கொஞ்சம் விட்டிருந்தா ஊசியில்ல போட்டிருப்பேன்! பெரியவர் வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கறாரு, நீங்க துப்பறீங்க. அவர் மூஞ்சியையாவது நெனச்சுப் பாத்தீங்களா?" ராசம்மாள் குனிந்தபடியே தலையாட்டினாள். டாக்டர் இவர் பக்கம் திரும்பி, "இனிமே முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க" என்றார். அரங்கசாமி, "சரிங்" என்றார்.

வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். திரும்பும்போது கால் தானாக டாக்டர் அறைக்குப் போயிற்று. உள்ளே வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். டாக்டர் நிமிர்ந்து, "என்னங்க பெரியவரே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்" என்றார் அரங்கசாமி. "அவ… உப்புப் போட்டுத் திங்கலாமுங்களா?"

"தாராளமா. யாரு வேண்டாம்னது?"

அரங்கசாமி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கேண்டீனில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினார். இந்தத் தடவை மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கவில்லை. பட்டையோடு அவள் மடியில் வைத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார் மெல்ல.

ராசம்மாள் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பேசமுடியாது. மாத்திரை பிடிக்க ரெண்டு மூணு நாளாகும். அப்புறம் அந்த வாய் திறக்கும், சோறு மெல்லும், என்ன வேண்டுமானாலும் கேட்கும். அது பிடிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அந்த நாளை நினைக்கவும் முடியவில்லை.

அவள் பட்டையை அழுத்தி ஒரு மாத்திரையை எடுத்தாள். பாதி வாய் திறந்து நாக்கில் வைத்துக்கொண்டாள். அரங்கசாமி தண்ணீரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கண்ணை மூடி, நாக்கில் மாத்திரை கரைவதை ருசி பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கசப்பு தெரிகிறதா என்று பார்த்தபடி, டம்ளரை நீட்டிய கையோடு அவர் எதிரில் நின்றார்.