கிளம்பும் ஒத்திகை

யோசனை பெரியவளுடையதுதான். பிறகு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாலும், அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அவளுக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. அதற்காகப் பயிற்சி மையத்துக்குப் போய்வந்தாள். அங்கே மொழிப்பாடத்தைவிட ஒத்திகைதான் அதிகம். கட்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதைப் புரட்டிவிட வேண்டும், உட்காரவைக்க வேண்டும், சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தொடுவதற்கு முன்னால், "இப்போது உங்களைத் தூக்கப்போகிறேன்" என்று ஜப்பானிய மொழியில் அந்த ஜடத்திடம் மரியாதையாகச் சொல்லவேண்டும். முதலில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போகப் போகக் கை தானாகச் செய்தது, வாய் தானாகச் சொன்னது. "பழகிட்டா எதுவுமே பயமில்ல" என்பார் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா. அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியவள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்குப் பயம் இருந்தது. பயத்தின் பெயர் வாலு. நான்கு வயதுகூட நிரம்பாத மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. அப்பன்காரன் அது வயிற்றில் இருக்கும்போதே கம்பி நீட்டிவிட்டான். அம்மா குளிக்கப் போனாலே குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி ஊரைக் கூட்டுகிற குழந்தை. முதல் ஒப்பந்தம் முடியும்வரை குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை சின்னவள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடப் படித்த ஒருத்தியின் மகன் விமான நிலையத்தில் காலைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில், அவள் உள்ளே போகாமலே வீடு திரும்பிவிட்டாள். வேலையும் போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து பெரியவள் ராத்திரியெல்லாம் வாலுவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இதையும் பழக்கிடுவோம்டி" என்றாள் தங்கையிடம்.

"எதைக்கா?"

"நான் கிளம்புறதை."

மறுநாள் சாயங்காலமே தொடங்கிவிட்டார்கள். பெரியவள் பெட்டியை இழுத்துக்கொண்டு, "அம்மா ஜப்பான் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டு அக்காவின் சமையலறைக்குள் புகுந்து, ஜன்னல் ஓரமாக ஒளிந்துகொண்டாள். வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வாலு அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. குழந்தை அழுகிறவரை திரும்பிப் போகக் கூடாது, அதுதான் சட்டம். அழுகை நின்றதும் சின்னவள் மாடிக் கம்பியில் துண்டைப் போடுவாள். உடனே அம்மா ஓடிப்போய் வாரி அணைத்துக்கொள்ள வேண்டும்.

"அழாம இருந்தா அம்மா வந்துடுவாங்க. பாத்தியா, வந்துட்டாங்க!" என்று சின்னவள் தினமும் பாடம் நடத்தினாள்.

அழுது அழுது பிள்ளை வாந்தி எடுத்த அன்று எதிர்வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீயெல்லாம் பெத்தவதானா? நெஞ்சுல என்னத்தடி வச்சிருக்க, கல்லா?"

"இப்ப அழுதுட்டா அப்புறம் அழமாட்டாக்கா" என்றாள் பெரியவள், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். சொன்னவளின் புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

அப்புறம் வாலு அழவேயில்லை. அதுதான் கொடுமை. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. உதட்டைக் கடித்து, மூக்கை உறிஞ்சி, அழுகையை முழுங்கக் கற்றுக்கொண்டது. கடைசியில் அதுவே பெட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "கிளம்பும்மா, நேரமாச்சு" என்று அதட்டியது. பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பெற்ற மனசு என்று ஒன்று இருக்கிறதே, ஒரு சொட்டுக் கண்ணீராவது விடக்கூடாதா என்று அது உள்ளுக்குள் ஏங்கவும் செய்தது.

நிஜமாகக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வாலு மட்டும் சித்தி இடுப்பில் மகாராணி மாதிரி உட்கார்ந்து கையை ஆட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறினாள் மடச்சி.

ஜப்பானில் அவளுக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, துணி காயப்போட ஒரு கம்பி. இல்லத்தில் வேலை அவள் பயந்த அளவுக்கு இல்லை. பெரியவர்களைத் தூக்கும்போது கை தானாகச் செய்தது, வாய் தானாகச் சொன்னது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வீடியோவில் கூப்பிட்டாள்.

"நான் இன்னைக்கும் அழலையே!" என்று எடுத்ததும் சொல்லும் வாலு.

"என் தங்கமே! என் சமத்தே!" என்று பூரித்துப்போவாள் பெரியவள். ஒவ்வொரு தரமும் அதே பாராட்டு. பிள்ளை ஏன் இதைச் சொல்கிறது என்று ஒருநாளாவது யோசித்தாளா, இல்லை.

ஒரு மதியம் சின்னவளே கூப்பிட்டாள். உடைமாற்றும் அறையில் நின்று எடுத்தாள் பெரியவள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. காலைல படியில விழுந்து இவளுக்கு முட்டி பிளந்துடுச்சு. தையல் போட்டாங்க. ஒரு சத்தம் இல்லக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு கதவையே பாக்குறா. டாக்டரே அரண்டுட்டார். தூக்கத்துல விசும்புறா, முழிச்சதும் வாயைப் பொத்திக்கிறா."

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! "அவகிட்ட குடு" என்றாள்.

திரையில் அந்தச் சின்ன முகம் வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வலிக்குதாடா கண்ணு?"

தலையாட்டியது.

"வலிச்சா அழணும்டா. அழு. அம்மா திட்டமாட்டேன்."

"மாட்டேன். அழுதா நீ வரமாட்ட."

"அழுதாலும் வருவேன்டா."

"எப்போ?"

பெரியவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. உலோக அலமாரியில் சாய்ந்து, திரைக்கு முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

வாலு பதறிப்போயிற்று. "அம்மா, அழாத! அழாதம்மா! நீ அழுதா உன்னை விடமாட்டாங்க. கண்ணைத் தொடை. சிரி. சீக்கிரம் சிரிம்மா!"

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

குழந்தை போனைச் சித்தியின் கையில் திணித்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு வாசல் கதவுக்கு நொண்டி நொண்டி ஓடியது.