திரேசாவின் கைப்பிடிக் கண்ணாடி

கிரெய்கிபர்ன் தேவாலயத்துப் பழைய சாமான் கடையில் தருமராசாவுக்குச் சம்பளம் இல்லை. படகில் வந்து புகலிடம் கேட்டவருக்குக் கொடுத்த விசா வேலை செய்ய விடாது. அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் வாரம் நான்கு நாள் வந்து பெட்டி பிரித்துக் கொடுத்தார்.

2013 குளிர்காலத்தில் ஒருநாள், ஒரு பெட்டிக்குள், காதில் மாட்டும் கம்பிகளே இல்லாத கண்ணாடி ஒன்று கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் முத்துச்சிப்பி பதித்த நீளக் கைப்பிடி.

"பிள்ளை, இது உடைஞ்ச சாமானோ?"

கூட வேலை செய்த கிரிஜா மதுரைக்காரி. வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"உடையல அங்கிள். லோர்னெட். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிங்க, மூக்குல கண்ணாடி மாட்டினா அழகு போயிடும்னு இப்படிக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நாடகம் பார்ப்பாங்களாம். அப்புறம் அதுவே ஃபேஷனாகி, கண்ணு நல்லா இருக்கிறவங்களும் தூக்கிட்டுத் திரிஞ்சாங்க."

"அப்ப என்ர மனுசியும் சீமாட்டிதான்."

மன்னாரில் இருக்கும் மனைவி திரேசாவுக்கு நாற்பத்தாறு வயது. கிட்டத்தில் எதுவும் தெளிவில்லை. கண்ணாடி போடச் சொன்னால், "நான் என்ன கிழவியோ?" என்பாள். ஞாயிறுதோறும் ஸ்கைப்பில், "கலங்கலாத்தான் தெரியிறியள். பரவாயில்லை, சத்தம் கேக்குதுதானே."

தருமராசாவுக்கும் அது வசதியாய்ப் போயிற்று. படகில் விழுந்ததில் முன்பல் இரண்டு இல்லை. உடம்பும் பாதியாகிவிட்டது. அவளிடமோ, நல்லாய்ச் சாப்பிட்டு ஊதிப்போனேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

கண்ணாடி வழியாக உள்ளங்கையைப் பார்த்தார். ரேகைகள் பெரிதாய்த் தெரிந்தன. கிட்டப் பார்க்கிற கண்ணாடிதான். அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். மேசையில் வைத்தார். இங்கே வந்த பதினொரு மாதமாகத் தன் பழைய முகம் தெரிந்த ஒருவர்கூடத் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தார். திரும்பவும் எடுத்தார்.

"கொண்டு போங்க அங்கிள். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கிரிஜா.

தபாலில் போட்டு ஐந்தாம் ஞாயிறு, திரேசா கைப்பிடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரைக்கு வந்தாள்.

"வடிவோ?"

"வெள்ளைக்காரியள் தோத்தாளவை." உதட்டால் பல்லை மறைத்துக்கொண்டு சொன்னார்.

அவள் திரையோடு ஒட்டி வந்தாள். சிரிப்பு நின்றது.

"இஞ்சேருங்கோ, வாயைத் திறவுங்கோ."

"ஏனப்பா?"

"திறவுங்கோ எண்டுறன்!"

திறந்தார்.

"பொய்யன். ஊதிப்போனாராம்."

கண்ணாடியை இறக்கிவிடுவாளோ என்று பயந்தார். அவள் மற்றக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"லைட்டைப் போட்டிட்டுக் கிட்ட வாங்கோ. நான் வடிவாப் பாக்கோணும்."

தருமராசா லைட்டைப் போட்டுவிட்டு வந்து கதிரையை முன்னால் இழுத்தார்.