சத்தமில்லாத பொக்லைன்

அவருக்கு இடி என்று பெயர் வைத்தது கூட வேலை பார்த்தவர்கள். அவர் ஓட்டிய டீசல் பொக்லைன் கிளம்பினால் தெருக்கோடி வரை அதிரும். வாலிபத்திலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததில் காது மந்தமாகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கினால் ஆள் சாது. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் கேபினுக்குள் ஏறிவிட்டால் வாய் ஓயாது. மண்ணை அள்ளிக்கொண்டே பாடுவார், யாரையாவது திட்டுவார், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே கொட்டுவார். என்ஜின் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சாயங்காலம் இறங்கும்போது மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. இரண்டு வார்டுகளுக்கு நடுவே இருந்த முற்றத்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும். நோயாளிகளின் ஜன்னல்கள் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. புகையும் கூடாது, சத்தமும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கம்பெனி பேட்டரியில் ஓடும் சின்ன பொக்லைன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது.

"இது மிஷினா, மிக்சியாம்மா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார் இடி.

"மிக்சி கூட சத்தம் போடும்ண்ணே," என்றாள் அந்தப் பெண். "காலைல முழு சார்ஜோட எடுத்தா மத்தியானம் வரைக்கும் தாங்கும். சாப்பாட்டு நேரத்துல கேபிள சொருகிடுங்க, சாயங்காலம் வரை ஓடும். ஏசி போட்டா மட்டும் பேட்டரிய குடிச்சிடும், பாத்துக்கங்க."

கேலி செய்யத்தான் ஏறி உட்கார்ந்தார். ஆனால் லிவரைத் தொட்டதும் மண் அள்ளும் பக்கெட் சொன்ன பேச்சைக் கேட்டது. உடம்பு அதிரவில்லை. சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் சார்ஜ் தீர்ந்து பாதிப் பள்ளத்தில் நின்றுவிடுமோ என்ற பயம் ஒன்றுதான். அதனால் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று, எவ்வளவு தோண்ட வேண்டும் என்று அவருக்குக் கை காட்டியது அவர் மருமகன். அவன் நடத்திய செல்போன் கடை நொடித்துப்போனதும் மகளும் அவனும் இவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மகள் கெஞ்சியதால் இவரே கம்பெனியில் சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை இது. நேரில் "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்பதைத் தவிர வேறு பேசமாட்டார். இருவருக்கும் ஒரே கேரியரில்தான் சாப்பாடு வந்தது.

ஒரு நாள் காலையில் வண்டி எடுக்கும் முன் மருமகன் அருகில் வந்தான். "மாமா, ஜன்னல மூடிக்கங்களேன். தூசி வருது."

"ஈர மண்ணுல என்ன தூசி மாப்பிள்ளை? மூடினா உள்ள வெந்துடுவேன்."

அவன் ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பள்ளத்து விளிம்புக்குப் போய்விட்டான். வேலையாட்கள் அவ்வப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பதையும் இடி பார்த்தார். அவர்களுக்குள் ஏதோ பேச்சு என்று விட்டுவிட்டார்.

பிறகு அந்த நாள் வந்தது. குழாயின் சரிவு சரியில்லை என்று ஒரே இடத்தை மறுபடி மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. மருமகன் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டிக்கொண்டே இருந்தான். சார்ஜ் முள் இறங்க இறங்க இடிக்கு எரிச்சல் ஏறியது.

"கைய ஆட்டுறான் பாரு, ஈ ஓட்டுற மாதிரி," என்று ஆரம்பித்தார். "கடைய வச்சான், மூடினான். எத உருப்படியா செஞ்சான்? கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, ஒரு புள்ளைக்கு வழியில்ல. குறை தனக்குத்தான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து நிக்கிறான். ஆம்பளைன்னு பேரு. எம் பொண்ணு தலையில எழுதியிருக்கு."

பக்கெட்டைத் திருப்பும்போதுதான் கவனித்தார். எல்லோரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மாடி வராந்தாவில் ஒரு நர்ஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் தூக்கிய கையை இறக்காமல் நின்றான்.

யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று பதறி வண்டியை நிறுத்தினார். குழாய் மேஸ்திரி படியில் ஏறி வந்து ஜன்னலருகே முகத்தை வைத்தார்.

"அண்ணே, நீங்க பேசுறது வெளிய கேக்குது."

"எது?"

"எல்லாமே. இந்த வண்டி வந்த நாள்லேருந்து. பாட்டு, சூப்பர்வைசரம்மாவ சொன்னது, எல்லாம். எங்களுக்கும் பொழுது போச்சு, சொல்லாம விட்டுட்டோம். ஆனா இது வேணாம்ண்ணே."

கேபினிலும் சரி, வீட்டில் தன் அறையிலும் சரி, தனக்குள் முணுமுணுப்பதாகத்தான் அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். காது மந்தமானவர் முணுமுணுப்பது ஒரு முற்றத்தையே நிரப்பும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? லிவரிலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கதவைப் பூட்டிக்கொண்டு அப்படியே இருட்டும் வரை இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்கும் வழியில்லை. "சார்ஜ் போட்டுடலாம், இறங்குங்கண்ணே," என்றாள் சூப்பர்வைசர், அவர் முகத்தைப் பார்க்காமல். டீசல் வண்டியென்றால் கேபினிலேயே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். இதில் கேபிளை மாட்டினால் ஆள் உள்ளே இருக்கக் கூடாது. இறங்கி, அத்தனை பேரையும் தாண்டி, சாப்பிடும் இடமான ஷெட்டுக்கு நடந்தார்.

மருமகன் கேரியரைப் பிரித்து, வழக்கம்போல அவருக்கு முதலில் எடுத்து வைத்தான். தன் பங்கைத் தொடாமல் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். இடி பின்னாலேயே போனார்.

"மாப்பிள்ளை..."

"சாப்பிடுங்க மாமா. ஆறிடும்."

"வெளிய கேக்கும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும் மாமா, உங்களுக்குத் தெரியாதுன்னு. அதான் ஜன்னல மூடச் சொன்னேன்." அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே பேசினான். "முதல் நாள்லேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். இந்தாள் என்னைக்காவது நம்மளப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடுவாருன்னு காத்துட்டிருந்தேன். தனியா இருக்கும்போது சொல்றதுதானே உண்மை."

இடி எட்டி, ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் மருமகன். "இங்க எல்லாருக்கும் தெரிஞ்சது வீட்ல தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா."

சாப்பாடு முடிந்ததும் இடி ஷெட்டுக்கு நடுவில் போய் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "காலைல நான் பேசினது என் வாய்க் கொழுப்பு. அவரப் பத்திச் சொன்னதுல ஒண்ணும் உண்மையில்ல."

யாரும் நிமிரவில்லை. குழாய் மேஸ்திரிதான் சொன்னார்: "எங்க காதுல ஒண்ணும் விழலைண்ணே." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். வேறொரு சைட்டில் பாறை உடைக்க டீசல் பொக்லைனுக்கு ஆள் வேண்டும், போகிறாரா என்று கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்.

"வேணாம்மா. அந்தச் சத்தத்துல உக்காந்தா மறுபடி ஆரம்பிச்சிடுவேன்."

ஆனால் மருமகன் போய்விட்டான். பாறை உடைக்கும் அந்த சைட்டிலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வேறொருவன் கை காட்ட வந்தான். இடி ஜன்னலைத் திறந்தே வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு மண் அள்ளினார்.

அந்த வார இறுதியில் மகள் அவர் அறைக்கு வந்தாள். "என்னப்பா ஆச்சு உங்களுக்குள்ள? அவரு ஏன் தூரத்து சைட்டுக்குப் போறாரு?"

எல்லாவற்றையும் சொல்லி அவள் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. அந்த ஆறுதலையும் மருமகன் அவருக்கு விட்டுவைக்கவில்லை. "நான் அவர மரியாதை இல்லாம பேசிட்டேன்மா," என்று மட்டும் சொன்னார். "அவரு காதுல விழுந்திடுச்சு."

மகள் அவர் சாப்பிட்டு வைத்திருந்த தட்டை எடுத்தாள்.

"இந்தச் செவுரு மெலிசுப்பா," என்றாள். "நீங்க இங்க தனியா உக்காந்து பேசறதெல்லாம் எங்க ரூமுக்குக் கேக்கும். அவரு ரேடியோவ சத்தமா வச்சிடுவாரு, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அவள் தட்டோடு வெளியே போனாள். இடி வாயைப் பொத்தியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.