பதினொன்றாவது ஆள்

துடைத்த அடுப்பு மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் திரும்பியதிலிருந்து இதே கதைதான். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள், எழுந்தால் எதையாவது தேய்க்கிறாள். வீட்டுக்காரர் உடம்பை அங்கேயே வைத்திருக்கிறார்கள். மகன் ஊரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். அதுவரை என்னதான் செய்வது?

வாசலில் கோல்கீப்பர் வந்து நின்றான். நாற்பதைத் தாண்டிய லாரி டிரைவர், அவர் கோச்சாக இருந்த கம்பெனி ஃபுட்பால் டீமின் கேப்டன். அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, கேக்கவே வாய் வரல. சாயங்காலம் மேட்ச். ஆடலன்னா கீழ் டிவிஷனுக்குத் தள்ளிடுவாங்க. அப்புறம் கம்பெனி டீமையே கலைச்சிடும். சார் யார் யாரை இறக்கறதா இருந்தாரு? உங்ககிட்ட சொல்லியிருப்பாரே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் விடவில்லையே இந்தப் பந்து! கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. எந்த டீமிலாவது எவனுக்காவது கால் உடைந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். கால் கூடியதும், "போயிட்டு வாங்க." அவள் மறுபடி பாத்திரங்களை மூட்டை கட்டுவாள். வயதாகி ஆட்டத்தை விட்டதும் ஒரு இடத்தில் இருப்பார் என்று பார்த்தால், கோச் வேலை என்று கடல் தாண்டி இழுத்துவந்துவிட்டார். "இந்த சீசன் முடியட்டும்டீ, போயிடலாம்." எத்தனை சீசன்!

"சொன்னார், சொன்னார். நேத்து ராத்திரி சோறு ஆறுதுன்னு நான் கத்தறேன், அவர் ஆளுக்கொண்ணா வெங்காயத்தையும் தக்காளியையும் மேஜையில அடுக்கிட்டிருக்கார்."

கோலுக்கு நீ, பின்னால் வெல்டர், 'ஒட்டகம்' என்கிற நெட்டையன், பெயின்டர் அண்ணன் தம்பி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் விரல் மடக்கினான்.

"பத்துதான்க்கா வருது."

"பத்துதான் வச்சார். கடைசி வெங்காயம் கையில இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுட்டார்ப்பா."

இனி யாரைக் கேட்பது? இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"மிச்சம் யார் இருக்கா?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எலக்ட்ரீஷியன் நல்லா ஓடுவான். இல்லன்னா நம்ம பஞ்சர்."

"பஞ்சரைப் போடு."

"ஐயோ, அவன் நகரவே மாட்டானேக்கா!"

"நானும் அதைத்தான் சொல்வேன். 'பாவம், பெஞ்சுலயே கிடக்கான், போடலாமாடீ'ன்னு வாராவாரம் கேப்பார். நான்தான் வேணாம்பேன். உடனே எடுத்துடுவார்." தம்ளரைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா கேட்டுக்குவார்ப்பா."

கோல்கீப்பர் பஞ்சரையும் சேர்த்து எண்ணிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

"பாதியில மாத்தற மாதிரி ஆச்சுன்னா, யாரை எடுக்கறது?"

"அதை இங்க உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷத்தில் ஒரு மேட்சுக்கும் அவள் போனதில்லை. கதவைப் பூட்டினாள். லாரியின் படி உயரமாக இருந்தது. அவன் கை கொடுத்தான். பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.