றொசானாவின் பைக்கு எவ்வளவு வார்

1

இந்தக் கதை என் தோளில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குறுக்கே போடும் பை ஒன்று வாங்கினேன். வார் அதிக நீளம். நடக்கும்போது பை தொடையில் இடித்து உயிரை வாங்கியது. குறைத்துத் தைக்க, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பை தைக்கும் வலன்ரைனிடம் போனேன். "வாரைப் பாத்து அளவு எடுக்கேலாது, ஆளைப் பாத்துத்தான் எடுக்கவேணும். நிமிந்து நில்லுங்கோ," என்றார். இதை வைத்துச் சிரிப்பாக ஒன்று எழுதலாம் என்று நினைத்தேன். அளவெடுத்துக்கொண்டே, முன்பொருநாள் வந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொன்னார். என் சிரிப்பு அதோடு போயிற்று.

பெயரை நான் வைத்தேன். செலீனா.

2

2013 ஆவணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், செலீனா தன்

(இல்லை. வெயிலில் தொடங்குவது என் சோம்பேறித்தனம். அவளுக்கு அன்று வெயில் தெரிந்திருக்காது.)

விடத்தல்தீவில் மீளக் குடியேறி மூன்று வருடமாகியிருந்த செலீனா, ஒரு சின்னச் சிவப்புப் பையை வலன்ரைனின் மேசையில் வைத்தாள். உப்புத் தண்ணீர் பட்டு வார் இற்றுப்போயிருந்தது.

"புது வார் போடவேணும் அண்ணை. சனிக்கிழமை வவுனியாவுக்குப் போறன். அங்கை ஒரு பிள்ளைகள் இல்லத்திலை றொசானா எண்டு ஒரு பிள்ளை இருக்காம். என்ரை மகளின்ரை பேர்."

"எப்ப காணாமல் போனவ?"

"நாலு வருசம். அப்ப எட்டு வயசு."

வலன்ரைன் கறுப்பு நாடாவை இழுத்தார். "இப்ப பன்னிரண்டு. வளருற பிள்ளைதானே, ஒரு சாண் கூட விட்டு வெட்டுவம்."

செலீனா நாடாவை எட்டிப் பிடித்தாள்.

"அப்பிடித்தான் அண்ணை அப்பவும் விட்டனான்."

3

(இங்கே போரை எழுதவேண்டும். மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்.)

சட்டையோ சப்பாத்தோ, வளருகிற பிள்ளைக்கு ஓர் அளவு கூட்டி வாங்குவது நம்மவர் வழக்கம். பையையும் அப்படித்தான் வாங்கினாள். அது றொசானாவின் முழங்காலில் அடிபட்டது. 2009இல் கடலேரியைக் கடக்கும்போது சனம் நெருக்கியது. கை வழுக்கும், வார் வழுக்காது என்று நம்பி, மகளைப் பைவாரில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். பின்னாலிருந்து ஒரு தள்ளு. நீளமான வார் பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்று வந்தது. கரையேறியபோது செலீனாவின் கையில் பை மட்டும் இருந்தது.

(அது உன் பிழை இல்லை செலீனா என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நாலு வருடமாக எல்லோரும் அவளுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். அடித்துவிட்டேன்.)

4

"அப்ப பக்கிள் வைச்சுத் தாறன். ஏத்தி இறக்கலாம்," என்றார் வலன்ரைன்.

"வேண்டாம். ஏத்தி இறக்கலாம் எண்டால் நான் ஒவ்வொரு நாளும் ஏத்தி இறக்கிக்கொண்டிருப்பன். ஒரே அளவாத் தைச்சு விடுங்கோ. கழராத அளவா."

"அதுக்கு உயரம் தெரியவேணும் தங்கச்சி. பிள்ளை எவ்வளவு உயரம்?"

செலீனா கையைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். எட்டு வயது றொசானா அவ்வளவுதான். பிறகு கையை மெல்ல உயர்த்தினாள். ஒன்பது வயது. பத்து. தகப்பன் நெட்டை ஆள், இன்னும் கொஞ்சம். இல்லத்துச் சாப்பாடு எப்படியோ என்று நினைத்துச் சற்று இறக்கினாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில், சனிக்கிழமை வவுனியாவில் வார் பிள்ளைக்கு அளவாக இருக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதில் அது வேறு ஒரு றொசானா. பையை அவளுக்கே கொடுத்துவிட்டு செலீனா தனியே பஸ் ஏறுகிறாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் செலீனா அந்தப் பையை யாருக்கும் கொடுக்கமாட்டாள். மூன்றாவதில் செலீனா

கடைசியில் எவ்வளவு வைத்துத் தைத்தீர்கள் என்று வலன்ரைனிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. என் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் கதையில் செலீனாவின் கை இன்னும் காற்றில் நிற்கிறது. அதை எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், ஒருதரம் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து அளவைச் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு அவளுக்கு பஸ்.