டூயல் கோரில் ஓடுகிறது

…ஓடும், இந்த விளையாட்டு போன மாதம்வரை ஓடியதுதானே, ஒரு அப்டேட் வந்ததும் அப்படி என்ன மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், திரையில் லோடிங் ஆகிற வெள்ளைக் கோடு பாதியில் நிற்கிறது, நிற்கிறதா நகர்கிறதா தெரியவில்லை, கண்ணை எடுத்தால் நகரும் என்று ஜன்னலைப் பார்க்கிறேன், மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து… கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன், சூடு ஏறினால் வேகம் குறையும், அதற்காக. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொட்டிக்குக் காத்து, பெத்தவளுக்குப் புழுக்கமா? நல்லா இருக்குடி உன் நியாயம். நான் இங்க வெந்துக்கினு கெடக்குறேன்." ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து உடை கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், சிங்கப்பூரில் அண்ணன் இந்நேரம் விளையாட்டுக்குள் வந்து காத்துக்கொண்டிருப்பான். லாரன்ஸ் அண்ணனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. "அடுத்த வாரமும் ஓடலன்னா வுட்டுடலாம் பாப்பா, எதுக்கு நீ கஷ்டப்பட்டுக்கினு" என்று போன வாரம் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, களைத்துப்போய்ச் சொன்னான், அதுதான்…

விட்டுவிடுவது என்றால் எதை? விளையாட்டையா? அது போனால் போகட்டும், எனக்குச் சுடவும் ஓடவும் அப்படியொன்றும் ஆசை இல்லை. ஆனால் போனில் அண்ணன் வேறு ஆள். "சாப்ட்டியா, மழ உண்டா, அம்மா எங்க, போன அம்மாகிட்ட குடு", அவ்வளவுதான், நானும் "ம்" என்பேன், கொடுத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு வரும், அப்பாவின் வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து தியாகதுருகம் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகும்போது வரும், இப்போது இந்த விளையாட்டுக்குள் வரும். பனி கொட்டும் ஒரு பாழூரில் எங்கள் பொம்மைகள் இரண்டும் நடந்துகொண்டே இருக்கும், அவன் பேசுவான், ரூமில் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, மேஸ்திரியின் வசவு, ஒரு நாள் அழுததைக்கூட அங்கேதான் சொன்னான், துப்பாக்கிக்குக் குண்டு போட்டுக்கொண்டே. நான் பேசுவது கம்மி. அவன் பேச, நான் கீழே டைப் செய்வேன். "ம்". "சரிண்ணா". "அப்புறம்". அதற்கே அவன் ஒரு மணி நேரம் பேசுவான்.

இந்தப் பெட்டியின் பிராசசருக்கு இரண்டே கோர். அண்ணன் முதல் சம்பளத்தில் கள்ளக்குறிச்சியில் அசெம்பிள் செய்து வாங்கிக் கொடுத்த பெட்டி, நான் பிசிக்ஸ் படித்த காலம் முழுக்க இதில்தான், அப்போது இது போதும், போதும் என்ன, ஜாஸ்தி. பழைய விளையாட்டுகள் இன்றும் ஓடும். புதியவை நான்கு கோராவது வேண்டும் என்கின்றன, சில திறக்கவே மறுக்கின்றன, திறந்தாலும் நான்கு அடி நடந்து ஒரு அடி உறையும். இணையத்தில் எத்தனை பேர் டூயல் கோர் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே பதில்தான், போதாது, நானும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், யாராவது ஒருவர் போதும் என்று சொல்லிவிடமாட்டாரா… அண்ணன் அதற்குள் கிராபிக்ஸ் கார்டு வாங்கி அவனோடு வேலை செய்து ஊருக்கு வந்த அன்புச்செல்வன் அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டான், கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவில் துண்டில் சுற்றி வந்தது, இன்னமும் தைல வாசனை அடிக்கிறது. கார்டு புதிது, அதற்கு வேலை எடுத்துக் கொடுக்கிற பிராசசர் பழையது, இலை போட்டு ஆள் உட்கார்ந்தாயிற்று, சோறு இன்னும் உலையில். வாங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? கம்ப்யூட்டர் கடைக்காரர் இளமாறன் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "டூயல் கோருங்களா? மொபெட்ல ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கினு போற கததாங்க. போர்டோட மாத்திடுங்க." வேலைக்குப் போகாத எனக்கு அதற்குப் பணம் ஏது, பிராசசர் சூடாகாமலிருக்கத் தடவுகிற பசை ஒரு ட்யூப் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோடு நகர்ந்துவிட்டது. பனி. அண்ணனின் பொம்மை உடைந்த பாலத்தருகே கையை ஆட்டுகிறது, "பாப்… வந்… இன்னா… ஓடு…" என்று அவன் குரல் துண்டு துண்டாக விழுகிறது, திரை உறைகிறது, நகர்கிறது, உறைகிறது. ஓரத்தில் சின்னதாகத் திறந்து வைத்திருக்கும் கணக்கில் இரண்டு கோர்களும் நூறு சதவீதம். எதையாவது நிறுத்த வேண்டும், வைரஸ் தடுப்பை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று, நிழலை நிறுத்தியாயிற்று, தண்ணீரின் பளபளப்பை நிறுத்தியாயிற்று, மிச்சம் இருப்பது குரல்தான். குரலை நிறுத்தினேன். உடனே இறுக்கம் விட்டது, பனி பனியாகவே விழுந்தது, என் பொம்மை நடந்தது, திக்காமல் பாலம்வரை நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. குரலை நிறுத்தியிருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அப்போ ஓடலன்னுதானே அர்த்தம் என்பான், விட்டுடலாம் என்பான். இன்று ஒரு நாள் மட்டும், அடுத்த வாரத்துக்குள் ஏதாவது வழி… "ஓடுதுண்ணா" என்று டைப் செய்தேன். அவன் பொம்மை குதித்தது.

நடந்தோம். குரல் வராவிட்டாலும் பேசுகிறவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். முதலில் விட்டு விட்டு எரிந்தது, இடது, வலது என்று ஏதாவது சொல்வான், நான் அவன் திரும்பும் பக்கம் திரும்பினேன். ஒரு நரியைச் சுட்டான், புள்ளி எரிந்தது, சிரித்திருப்பான், நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். பிறகு ஒரு களஞ்சியத்தின் கூரைக்கடியில் போய் நின்றான். நின்றே இருந்தான். புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி கதையாக இருக்கும். "ம்" என்று போட்டேன். அணையவில்லை. "அப்புறம்". இவ்வளவு நேரம் மேஸ்திரி கதை வராதே, வேலையிடத்தில் காலில் ஏதோ விழுந்ததை எனக்குச் சொன்னபோதுகூட அவன் நடந்துகொண்டேதான் சொன்னான், இப்போது ஏன் துப்பாக்கியைக் கீழே போட்டான்… போன வாரக் களைப்பு, அதற்கு முந்தின வாரம் போனில் கேமரா வேண்டாம் என்றது, அம்மா "மொகத்த காட்டுடா" என்றதற்கு "நெட்டு சரியில்லம்மா" என்றது. புள்ளி அணைந்தது. அவன் பொம்மை என் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏதோ கேட்டிருக்கிறான். என் கை வழக்கம்போல், அது என்னைக் கேட்கவில்லை, "சரிண்ணா" என்று டைப் செய்துவிட்டது.

புள்ளி மறுபடி எரிந்தது. நான் குரலைத் திறந்தேன். திரை அப்படியே நின்றது, பாதியில் நின்ற பனி, பாதியில் நின்ற அண்ணன், அந்த அசையாத படத்திலிருந்து அவன் குரல் மட்டும் ஆச்சரியமாக ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. "…நீ சரின்னு சொன்னதே போதும் பாப்பா. எப்புடி எடுத்துப்பியோன்னு பயந்துக்கினே இருந்தேன். அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத, இன்னா?" மூக்கை உறிஞ்சினான். பிறகு, "ஜெயிலு மாதிரி இருந்துச்சு நெஞ்சுக்குள்ள. இப்ப தேவல" என்றான்.

எதை? எதற்கு நான் சரி என்றேன்? கேட்டுவிடலாம், மைக் இருக்கிறது, வாய் இருக்கிறது, "அண்ணா, எனக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு" என்று ஒரே வரி. திரும்ப அவனால் சொல்ல முடியுமா? முடியாமல்தானே இத்தனை வாரம்… அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னாடி சொல்றான், நல்லாருக்கானா?" "நல்லாருக்கான்மா." "ஒரு வார்த்த அவங்கிட்ட பேசறியா நீ, பொம்மையாட்டம் குந்திக்கினு?" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

திரை இன்னும் உறைந்துதான் இருக்கிறது, உள்ளே ஃபேன் இரைகிறது, அவன் அங்கே அமைதியாக மூச்சு விடுவது கேட்கிறது. அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் ஒரு சொல்லும் கேட்காத இந்த ஞாயிறும், எல்லாம் கேட்ட மற்ற ஞாயிறுகளும் அவன் பக்கத்திலிருந்து ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன, அப்படியானால் அந்த ஞாயிறுகளில் நான்…